அண்ணனுக்கு ஊற்றிய பால்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. தங்கைகளில் நான்தான் வாயாடி என்பதால் அவரைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணன் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். மழை ஏமாற்றிய வருஷத்தில் மதுரைக்கு வந்து, அவனியாபுரத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்தார். தங்கைகள் எல்லோரையும் கரையேற்றினார். பசி என்று யார் வந்தாலும் முதலில் இலையைப் போடுவார், பிறகுதான் பேர் கேட்பார். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று, கன்னத்தில் புகையிலை அடக்குவது. சொன்னால் கேட்டால்தானே.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் கன்னத்துக்குள்ளேயே புற்று வந்தது. பெரியாஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாயெல்லாம் வெந்து, எச்சில்கூட விழுங்க முடியாமல் போனார். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, "மருந்தை நாங்க பாத்துக்கிறோம், சாப்பாடு உங்க பொறுப்பு. இன்னும் எடை குறைஞ்சா கரண்ட நிறுத்த வேண்டியதுதான்" என்றார் டாக்டர். நிறுத்தினால் அண்ணன் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் நான்தான் பாலில் முட்டை அடித்து, கேப்பைக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, குழாயில் சிறுகச் சிறுக ஊற்றுவேன். வேறு யாரும் தொட மாட்டார்கள். சாகிறவருக்குப் பால் ஊற்றுவதுதானே நம் வழக்கம், அதனால் அண்ணன் முகத்துக்கு மேலே பால் தம்ளரைப் பிடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. அண்ணனும் ஒருநாள், "உசுரோட இருக்கையிலயே ஊத்துறியே" என்று முனகிக் குழாயைப் பிடுங்கிப் போட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மறுபடி மாட்டி வந்தோம். அதன்பிறகு என்னைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எடை இறங்கிக்கொண்டே போனது.

ஒரு மத்தியானம், ஊரிலிருந்து கேப்பை கொண்டுவந்த பங்காளி ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கண்மூடிச் சாய்ந்திருந்த அண்ணன், சுற்றி நின்ற நாங்கள், என் கையில் பால். மூட்டையை வாசலில் போட்டவர், ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் தெரு அடங்கிக் கிடந்த நேரம், முனையிலிருந்து ஒப்பாரி கேட்டது. வேறு யார் வீட்டுக்கோ என்று நினைத்தேன். நெருங்கி வர வர, அதில் எங்கள் அண்ணன் பேர் இருந்தது. வாசலுக்கு ஓடினேன். தலைமுடியை அவிழ்த்துப்போட்டபடி ஊரிலிருந்து வந்த எங்கள் அத்தை முன்னால், மாலையோடு ஆட்கள் பின்னால். அத்தை கட்டிலருகே விழுந்து அழுதார். அண்ணன் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். அத்தையும் பார்த்தார். ஆனாலும் அழுகை நிற்கவில்லை. கண் மிரண்டு நிலைகுத்தி நிற்க, வாய் மட்டும் அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. அதட்டப்போன என்னை அண்ணன் கையைத் தூக்கித் தடுத்தார். தன் சாவுக்கு அழுத அழுகையை முழுசாகக் கேட்டார்.

அது ஓய்ந்ததும், "பால் ஊத்தத்தான வந்தீக அத்தை, ஊத்துங்க" என்றார்.

அத்தை குழாயில் ஊற்றினார். இறங்கியது. அன்றிலிருந்து அண்ணன் முகம் திருப்பவில்லை. கரண்ட் முழுவதும் வைத்து முடித்தார்கள். கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் சாயங்காலம் வரை முற்றத்திலேயே போட்டு வைத்திருந்தோம்.

அதற்கப்புறம் பத்து வருஷம், புற்று திரும்பவில்லை. மகள் கல்யாணத்தையும் பார்த்தார். சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து படுத்தவர் எழவில்லை. மூச்சு அடங்கும் நேரம் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினார்கள். என் முறை வந்ததும் நான் ஒரு கரண்டியோடு நிறுத்தவில்லை. பால் வாயோரம் வழிந்தது. "மெதுவா ஊத்துனா இறங்கும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேனாம்.

கஞ்சி காய்ச்சும் பக்குவம் சொல்லித்தந்த நர்சம்மாவுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த பட்டறைத் தம்பிகளுக்கும், "போதும்த்தா, விடு" என்று என் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்த அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.