வெள்ளிக்கிழமை அக்கா

வாயில் ஆறு குண்டூசிகள் இருக்கும்போதுதான் அக்காவைத் தேடி ஆள் வரும். "என் துணி என்னாச்சு?" என்று கேட்பார்கள். உதடுகளுக்கு நடுவே ஊசிகளை வரிசையாகக் கவ்விக்கொண்டு அவள் சொல்லும் விளக்கம், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் குழகுழவென்று வரும். நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் மணியடித்தாற்போல் தெளிவாகக் கேட்கும்: "வெள்ளிக்கிழமை." எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டால் மறுபடியும் குழகுழ.

தெரு முழுக்க அவளுக்கு வெள்ளிக்கிழமை அக்கா என்றே பெயர். சலவைக் கடைக்கும் பூட்டுச்சாவிக்காரருக்கும் இடையில், ஒரு தையல் இயந்திரம், ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு திரைச்சீலை இவ்வளவும் மூச்சடக்கி நிற்கும் கடை. தையலில் குறை சொல்ல முடியாது. பீப்பாய்க்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தால் பீப்பாய்க்கும் இடுப்பு வந்துவிடும். நாள் கணக்குதான் அவளுக்கு ஒத்துவராது. கர்ப்பமாக இருந்த ஒருத்தி, தொளதொளவென்று ஒரு கவுன் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை வாங்க வந்தது வயிற்றில் இருந்த குழந்தை. ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தது. நம்பாதவர்கள் அந்த ரசீதைப் போய்ப் பார்க்கலாம்.

துணியை மாட்டிப் பார்க்க எல்லாத் தையல் கடையிலும் ஒரு பொம்மை நிற்கும். அக்கா கடையில் அது கிடையாது. "பொம்மை எதுக்கு, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பாள். யார் சட்டையானாலும் தானே போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, தன் மேலேயே ஊசி குத்திச் சரிசெய்வாள். அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, தலைமையாசிரியையின் மேல்சட்டைக்குள் நின்றுகொண்டு இடப்பக்க மார்பருகே பிடித்துவிடும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. துணிக்குள் பொத்தான் விழுந்துவிட்டது என்று நினைத்தாள். சட்டையைக் கழற்றி உதறினாள். எதுவும் விழவில்லை. மறுபடி தொட்டுப் பார்த்தாள். பொத்தான் சட்டையில் இல்லை, அவளிடத்தில்தான் இருந்தது.

அன்றிலிருந்து பொத்தான் டப்பாவும் அவளும் பிரியவில்லை. காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு டப்பாவில் துழாவுவாள். சட்டைப் பொத்தான் அளவா, கோட்டுப் பொத்தான் அளவா? சில நாள் சின்னதாகத் தெரியும், மனசு லேசாகிவிடும். சில நாள் பெரிதாகத் தெரியும், அன்றைக்குத் தைத்த கால்சட்டைகளுக்கெல்லாம் ஒரு கால் நீளம்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளின் கூச்சலைப் பகலெல்லாம் கேட்பதால் வீட்டில் பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பார்.

"டப்பாவுல என்ன தேடுறே?"

"அளவு பாக்குறேன்."

"எந்தத் துணிக்கு?"

"துணிக்கு இல்ல. எனக்கு." சொல்லிவிட்டாள்.

அவர் செருப்பைத் தேடினார். "வண்டிய எடுக்குறேன்."

குழந்தைகளுக்கான இருக்கையில் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினாள். வரவேற்பில் இருந்த பெண், "இன்ஷூரன்ஸ் கார்டு இருக்காம்மா?" என்று கேட்டாள். அக்காவிடம் இருந்த ஒரே கார்டு நூல் கடைக்காரர் கொடுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை நீட்டினாள். "பத்து நூல்கண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதை அந்தப் பெண் இரண்டு தரம் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பரிசோதனைக்கு, ஸ்கேனுக்கு, ஊசிக்கு என்று ஒரு தொகை சொன்னாள். அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்கும் எதையாவது சேர்த்துவிடுவார்களோ என்று உடனே எழுந்துகொண்டாள்.

மறுநாள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், போன குளிர்காலத்தில் கொடுத்த கோட்டைக் கேட்டு வந்தார். அக்கா அதிசயமாக ஊசிகளைத் துப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கட்டி வந்தப்புறம் பாலிசி எடுத்தா அதுக்குக் குடுக்க மாட்டாங்கக்கா. வர்றதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்."

"இது என்னய்யா நியாயம்? கிழிஞ்சாத்தானே தையக்காரிகிட்ட வருவாங்க? கிழியாத துணிய எவன் கொண்டுவந்து தைக்கக் குடுப்பான்?"

ஏஜென்ட் பையைத் தூக்கிக்கொண்டார். கோட்டு இல்லாமலே போனார்.

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்: பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இலவச மருத்துவ நிலையம். அங்கே எல்லாப் பரிசோதனையும் சும்மாவே செய்வார்கள். ஆனால் அங்கே அந்த நர்ஸ் இருந்தாள். அவளுடைய இரண்டு வெள்ளைச் சீருடைகள் ஏழு வெள்ளிக்கிழமைகளாக அக்காவின் அலமாரியில் வெட்டுப்பட்டுக் கிடந்தன. நர்ஸின் தலை தெருமுனையில் தெரிந்தாலே அக்கா திரைச்சீலைக்குப் பின்னால் போய் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

"நான் அங்க போக மாட்டேன். கட்டியாவது பேசாம கிடக்கு. அவ வாயத் தொறந்தா நான் எங்க போய் ஒளிய?"

வீட்டுக்காரர் யோசித்தார். "ரெண்டு சட்டைதானே. தச்சுக் குடுத்துடேன்."

முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு வழி இருப்பது அக்காவுக்குத் தோன்றியதே இல்லை. ஒரே மத்தியானத்தில் இரண்டையும் தைத்து, தேய்த்து, பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

நர்ஸ் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு மகள் வயசுதான் இருக்கும். உள்ளே அக்கா மேலாடையை விலக்கியதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இடப்பக்கத்தில் நீலச் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.

"இது என்னம்மா?"

"நீங்க தேடித் தேடி நேரத்தை வீணாக்க வேணாம்னு நானே குறி போட்டு வந்துட்டேன்."

"வலப்பக்கமும் பாக்கணுமே."

"அந்தப் பக்கம் தையல் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஆனாலும் பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார். பிறகு மெல்லிய ஊசியை உள்ளே விட்டு, கட்டியிலிருந்து துளி எடுத்தார். ஊசியின் கனத்தையும் அதைப் பிடித்த விரலையும் அக்கா கண்கொட்டாமல் கவனித்தாள். "கை நல்ல கை," என்று மட்டும் சொன்னாள்.

"ரிசல்ட் வெள்ளிக்கிழமை வரும்மா."

அக்கா விருட்டென்று நிமிர்ந்தாள். "எந்த வெள்ளிக்கிழமை?"

கதவருகில் நின்ற நர்ஸ் சீருடையை நெஞ்சோடு அணைத்தபடி கூரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். அந்த மூன்று நாளில் அக்கா கடையில் நடந்ததைத் தெரு இன்னும் பேசுகிறது. இயந்திரம் நின்றால் தன் நெஞ்சு அடிப்பது கேட்கிறது என்பதால் அவள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அலமாரி காலியானது. அலமாரிக்குப் பின்னால் இருந்த மூட்டை காலியானது. யார் கொடுத்தது என்று தெரியாத ஒரு திரைச்சீலைக்கும் கரை மடித்தாள். கடைசியில் பார்த்தால் அது கடையின் திரைச்சீலை. வீட்டுக்காரர் பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே வேனில் வீடு வீடாகத் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "நான் எப்பங்க குடுத்தேன்?" என்று பாதிப்பேர் சண்டைக்கு வந்தார்கள். கோட்டு கிடைத்த ஏஜென்ட், மறுபடி வாங்கிக்கொண்டு விடுவாளோ என்ற பயத்தில், கொளுத்தும் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே திரிந்தார்.

வெள்ளிக்கிழமை, திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அக்கா மருத்துவ நிலையத்து வாசலில் நின்றாள். கதவு திறந்தது. நீண்ட வராந்தாவின் அந்தக் கோடியில், புதுச் சீருடையில் நர்ஸ். கிட்டே வரட்டும், உட்காரட்டும் என்றெல்லாம் அவள் காக்கவைக்கவில்லை. அங்கிருந்தே கையை ஆட்டிக் கத்தினாள்: "ஒண்ணுமில்லக்கா. சாதாரணக் கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டினாப் போதும்."

அக்கா ஓட்டமும் நடையுமாக அந்தக் கோடி வரைக்கும் போனாள். பிறகு, "ஆறு மாசம்னா எந்தத் தேதி? எழுதிக் குடு," என்றாள்.

பத்து மணிக்குக் கடை திறந்துவிட்டது. தலைமையாசிரியை புதுத்துணி ஒன்றோடு வந்து நின்றார். அக்கா அளவெடுத்தாள், குறித்தாள், வழக்கம்போல் ஆறு ஊசிகளையும் வாயில் கவ்விக்கொண்டாள்.

"எப்பக் கிடைக்கும்?"

"வெள்..." என்று தொடங்கிய அக்கா நிறுத்தினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். ஆறாவதையும் குத்திவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் பக்கம் திரும்பினாள்.