வெள்ளையடித்த பதினோராவது மரம்

ஹிதிருக்கு மரத்தின் பாஷை தெரியும். ஸொங்குல்தாக் என்ற துறைமுக ஊருக்கு மேலே, கருங்கடலைப் பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தில், கூரையைத் தாங்கும் முட்டுமரங்களைப் பதினாறு வருடமாக நட்டவன் அவன். தினமும் காலையில் கோடாலியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு மரத்தையும் தட்டிக்கொண்டே உள்ளே போவான். நல்ல மரம் கணீரென்னும். விரிசல் விட்டது சொத்தென்னும். பைன் மரம் முறிவதற்கு முன் முனகவும் செய்யும். மனிதர்களில் இத்தனை யோக்கியர்கள் கிடையாது.

1951இல் வெளிநாட்டுத் தூதரும் அமைச்சரும் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. தூதர் மனம் குளிர்ந்தால் புது இயந்திரங்கள் கிடைக்குமாம். சுரங்கம் கல்யாண வீடாகிவிட்டது. பாதைக்கு மணல், வாசலுக்குக் கொடி, உள்ளே மரங்களுக்குச் சுண்ணாம்பு.

பதினோராவது மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஹிதிர் இஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டினான்.

"இத மாத்தணும் ஐயா. ஒரு நாள் வேலைதான்."

"நாளைக்கு அவங்க வர்றாங்க. கூரையப் பிரிச்சுப் போட்டு வெச்சா நல்லாவா இருக்கும்? வெள்ளையடி. போனதும் மாத்திக்கலாம்."

"அதுவரைக்கும் தாங்கணுமே?"

"நட்டது நீதானே. உன் கை மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?"

ஹிதிர் சுண்ணாம்பு வாளியை எடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல அந்த விரிசலைச் சுண்ணாம்பால் மறைத்தது அவன் கைதான்.

மறுநாள் விருந்தாளிகள் பார்க்கக் கரி வெட்டிக் காட்டவேண்டிய ஏழு பேரில் அவன் தம்பி ரெம்ஸியும் ஒருவன். அவர்கள் வெட்டும் இடம் பதினோராவது மரத்தைத் தாண்டி இருந்தது. வெளியே வர வேறு பாதை கிடையாது.

"வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போடா."

"போண்ணே. புதுச் சட்டை குடுத்திருக்காங்க, ஃபோட்டோ வேற எடுக்கறாங்களாம். வயித்து வலி உனக்குத்தான். மூஞ்சியிலயே தெரியுது."

சொல்லிவிட்டு ரெம்ஸி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

வாசலில் போலீஸ்காரன் ஹிதிரின் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டான். "தூதர் பக்கத்துல கோடாலியோட நிப்பியா? வெளக்க மட்டும் பிடி." ஆக, தட்டிப் பார்க்க வழியில்லை. முனகலையாவது கேட்கலாமென்றால், வாசலில் நின்று பேண்டு வாத்தியக்காரர்கள் முழங்கிய முழக்கத்தில் அவன் காலடிச் சத்தமே அவனுக்குக் கேட்கவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

எங்கே நிற்கக்கூடாதோ அங்கேதான், பதினோராவது மரத்தடியில், தூதர் நின்றார். வெள்ளை மரம் படத்துக்கு எடுப்பாக இருக்குமென்று ஃபோட்டோக்காரர் நிறுத்தினார். கருப்புக் கோட்டின் தோளில் ஒரு சுண்ணாம்புச் செதில் விழுந்தது. பிறகு இன்னொன்று. யாரும் தொடாமல் சுண்ணாம்பு உதிர்ந்தால் மரம் வளைகிறது என்று அர்த்தம். அது ஹிதிருக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தவன் கடவுள் அனுப்பிய விருந்தாளி, அவனுக்குப் பிறகுதான் மற்றவர்கள் என்பது அந்த ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். அந்தக் கணத்தில் அவன் கை அதன்படிதான் போனது. தூதரின் கையைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தான். போலீஸ்காரர்கள் அவன் கழுத்தைப் பிடித்தார்கள். கூட்டம் மொத்தமும் தள்ளுமுள்ளாக வெயிலுக்கு வந்து விழுந்தது.

"உள்ள என் தம்பி இருக்கான்! ஏழு பேர் இருக்காங்க, கூப்பிடுங்கய்யா!"

யாரும் அசையவில்லை. அமைச்சர் இஞ்சினியரைப் பார்த்தார், இஞ்சினியர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். இவன் என்ன சொல்கிறான் என்று தூதர் கேட்டார். 'உங்களைப் பார்த்த சந்தோஷம் தாங்கவில்லை, கை குலுக்க ஆசைப்படுகிறான்' என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னது ஹிதிருக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. தூதர் நல்ல மனிதர். போலீஸ்காரர்களை விலகச் சொல்லி, ஹிதிரின் சுண்ணாம்புக் கையை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார். கேமரா மின்னியது. அப்போது மலைக்குள் ஒரு சத்தம் கேட்டது. வாசலிலிருந்து கரித்தூசி வெளியே கொட்டியது. வாத்தியம் நின்றது.

ரெம்ஸியை எட்டாம் நாள் எடுத்தார்கள். புதுச் சட்டையில் தூக்கிவிட்டிருந்த காலரை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

இயந்திரங்கள் வந்தன. அந்தப் படம் சுரங்க அலுவலகத்தில் முப்பது வருடம் தொங்கியது. ஹிதிர் ஓய்வுபெறும் நாள்வரை அதைக் கடந்துதான் கையெழுத்துப் போடப் போனான். தூதரின் கையைப் பிடித்தபடி அவன் வாயைத் திறந்திருப்பான். என்ன சிரிப்பு பார், என்று புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் சொல்வார்கள்.