குணம் சேரின் பெனரில் முதல் ஆளாக நின்ற பையன்

குணம் சேர் போய்விட்டாராம். இன்று விடியப்புறம், நித்திரையிலேயே.

எங்கள் உயர்தர வகுப்பு ஏ.எல் பட்ச் வட்ஸ்அப் குரூப் காலையிலிருந்து ஒரே கண்ணீர். "கல்வித் தந்தை", "ஒளி தந்த தீபம்", "எங்களை ஏற்றிவிட்ட ஏணி"...

ஏணி என்பது சரி. யாரை ஏற்றிவிட்ட ஏணி என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... சேர் துறைமுகப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஹோலில் கெமிஸ்ரி ரியூசன் நடத்தியவர். திருகோணமலையில் ஒரு பிள்ளை டொக்டராக வேண்டுமென்றால் அந்த ஹோலுக்குள்ளால்தான் போக வேண்டும் என்று அம்மாமார் நம்பிய காலம் அது. என் அம்மாவும் நம்பினா.

நன்றாகப் படிப்பிப்பார். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஹோலில் இரண்டு ஃபேன். இரண்டும் முன் பெஞ்சைப் பார்த்தபடி. அதற்குப் பெயர் மெடிசின் பெஞ்ச். அதற்குப் பின்னால் இருந்த நாங்கள் எல்லாம் "மற்றாக்கள்". பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட மாட்டார்... "மற்றாக்களுக்கும் விளங்கிச்சோ?"

என் பக்கத்தில் இருந்தவள் ரிஸ்னா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் வந்து சேரும்போது முன் பெஞ்ச் நிறைந்திருக்கும்.

அவள் வாசலில் காலை வைத்தவுடன் சேர் சோக்கைக் கீழே வைப்பார். "கிண்ணியாக் கப்பல் கரை தட்டிட்டுது." முன் பெஞ்ச் சிரிக்கும். முந்தி கிண்ணியாவிலிருந்து படகில்தான் கடல் கடந்து வர வேண்டும். பாலம் கட்டி எத்தனையோ வருடம்... சேருக்கு மட்டும் அது இன்னும் கப்பல்தான்.

ரிஸ்னாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கொப்பியைத் திறப்பாள். டெஸ்ட் வைத்தால் முதலாவதாக வருவதும் அவள்தான். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. டொக்டராக வேண்டும், கிண்ணியாவிலேயே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை கிளாஸ் முடியும்போது சேர் எப்போதும் ஒன்று சொல்வார். "ஒழுங்காப் படிச்சா உங்கட இடத்தை ஒருத்தராலையும் பறிக்கேலாது." ரிஸ்னா அதை நம்பினாள். நானும்தான்.

ரிசல்ட் வந்து இரண்டு மூன்று நாளில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சேரின் பெனர் ஏறியது. அதில் முதல் ஆளாக, எல்லோரையும் விடப் பெரிதாக, டை கட்டிய ஒரு பையன். "எங்கள் மண்ணின் மைந்தன்."

ஹோலில் ஒருவருக்கும் அந்த மைந்தனைத் தெரியாது. எந்த பெஞ்ச் என்று ஆளை ஆள் கேட்டுக்கொண்டோம். அந்த முகத்தை ஒருநாளும் கண்டதில்லை.

பிறகுதான் கதை வந்தது. சேரின் அக்கா மகன். கொழும்பில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, கொழும்பிலேயே ரியூசன் எடுத்தவன். பெயர் மட்டும் மூன்று வருடமாக எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில். விலாசம் சேரின் வீடு. சோதனை எழுத மட்டும் வந்து போனான்.

ஏன் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பீர்கள். மெடிசினுக்கு எடுபட வேண்டிய வெட்டுப்புள்ளி கொழும்புப் பிள்ளைகளுக்குக் கூட. எங்களைப் போல வசதி குறைந்த மாவட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாவட்டத்துக்கென்று மெடிசினில் ஒதுக்கி வைப்பது கொஞ்ச இடம்தான். அதில் ஒன்றைத்தான் மைந்தன் எடுத்தான்.

வெட்டுப்புள்ளி வந்தபோது ரிஸ்னாவுக்கு ஒரே ஒரு இடத்தால் போனது. ஒன்றே ஒன்று.

அவளுடைய வாப்பா சேரின் வீட்டுக்குப் போனார். மீன் வியாபாரி. அன்றைக்கு வெள்ளைச் சேட் போட்டிருந்தார். ரிஸ்னாவுக்குத் துணையாக நானும் போனேன்.

"சேர், அந்தப் பிள்ளை ஒருநாளாவது உங்கட கிளாசுக்கு வந்ததா?"

சேர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "சட்டத்தில ஒரு பிழையும் இல்ல. மூண்டு வருஷமா அவன்ர அட்ரஸ் இந்த வீடுதான்."

பிறகு ரிஸ்னாவைப் பார்த்தார். "பிள்ளைக்கு இன்னொரு ஷை இருக்குத்தானே, திரும்பவும் சோதனை எடுக்கலாம். அவனுக்குக் கொழும்பில எண்டா ஒரு காலமும் ஏலாது." இதை ஒரு நியாயமாகச் சொன்னார், நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது போல.

"அப்ப என்ர மகள்ர இடம், சேர்?"

"இடத்தில பேர் எழுதிக் கிடக்கோ?"

சொல்லிவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். சீ என்று இருந்தது.

வாப்பா சொன்னார், "வேணாம் சேர், நோன்பு."

அது நோன்பு மாதமே இல்லை.

ரிஸ்னா இரண்டாம் தரமும் எடுத்தாள். கிடைக்கவில்லை. இப்போது கிண்ணியாவில் சயன்ஸ் டீச்சர். பிந்தி வரும் பிள்ளைகளை ஒன்றும் சொல்ல மாட்டாளாம்.

மைந்தன் மெல்பேர்னில். எங்கள் மாவட்டத்தின் இடத்தில் டொக்டரானவன் எங்கள் மாவட்டத்தில் ஒரு காய்ச்சலுக்காவது மருந்து எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. செத்த வீட்டுக்கும் வர மாட்டானாம், லீவு இல்லையாம்.

போஸ்ட் மட்டும் போட்டிருக்கிறான். "என்னை டொக்டர் ஆக்கியது மாமாதான்." இன்று காலையிலிருந்து வாசித்ததில் அது ஒன்றுதான் உண்மை. லைக் போட்டேன்.

கொஞ்சம் முன்தான் ரிஸ்னாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "இன்னாலில்லாஹி" என்று தொடங்கி, மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுவதை முழுதாகச் சொல்லி முடித்தாள். பிறகு கேட்டாள்.

"நீ ஃபேஸ்புக்கில ஏதும் எழுதப் போறியா?"

"ஓம்."

"எழுது. நான் மன்னிச்சிட்டன் எண்டு மட்டும் போட்டுராத."

போடவில்லை, ரிஸ்னா.

போய் வாங்கோ சேர்... அங்கே ஏதும் வரிசை இருந்தால், உங்கட இடத்திலேயே நில்லுங்கோ.