அரசர் எழுந்து நின்ற மாலை

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில குளிர்காலங்கள் கழிந்திருந்தன. நாங்கள் குடியேறிய பனி நகரத்தின் ஓரம், இல்-பிசார் என்ற ஆற்றுத் தீவில், மனைவிக்கு ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. வட இந்தியாவில் ஒரு சின்ன சமஸ்தானத்துக்குப் பள்ளிக்கூட வயதில் முடிசூடியவர். சுதந்திரத்தோடு நாடு போனது, பிறகு பட்டமும் போனது. தூதுவராகித் தலைநகரம் தலைநகரமாகக் கைகுலுக்கினார். கடைசியில் வெளிவிவகார அமைச்சர். இப்போது மகள் வீட்டில், ஆற்றைப் பார்த்த ஜன்னலருகே, கம்பளிப் போர்வையும் முழங்கால் வலியுமாக இருந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பார்க்காமலே பிடிக்கவில்லை.

என் கவிதை வரிகளை முதலில் கேட்பவள் மனைவிதான். வேலை முடிந்து காரில் திரும்பும்போது, வைப்பர் பனியைத் தள்ளத் தள்ள, நான் சொல்வேன், அவள் 'ம்' கொட்டுவாள். அந்த 'ம்'தான் என் சிம்மாசனம். அதில் இப்போது அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, நான் அறைக்குள்ள போனா அந்த மனுசன் எழும்பி நிக்கிறார். ஒவ்வொருக்காலும். ஏலாத முழங்காலோட."

"ராசாவெல்லே. எழும்பி நிக்கிறதுக்கும் ஒரு ஆளை வச்சிருக்கலாமே."

"உங்களுக்கு எரியுது."

"எனக்கென்ன எரிய? அந்த ஹீட்டரைக் கொஞ்சம் குறைச்சு விடும்."

எரிந்தது. நாட்டைக் கையெழுத்திட்டுக் கொடுத்த அன்று அவர் தன் யானையை நினைத்துத்தான் அழுதாராம். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. நாங்கள் விட்டுவந்த வீட்டைப் பற்றி நான் எத்தனை கவிதை எழுதியிருப்பேன்! ஒன்றுக்கும் கலங்காத கண். அந்த வீட்டை அவளும்தானே இழந்தாள் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை; யானைதான் ஏறி நின்றது.

ஒரு மாலை பனி கொட்டியது. வெளியே காரில் காத்திருந்த என்னை அவருடைய மகள் உள்ளே கூப்பிட்டார். நான் அறைக்குள் கால் வைத்ததும், ஜன்னலருகே அந்த நெடிய உருவம் கைத்தடியை ஊன்றி மெல்ல மெல்ல எழுந்தது. என் நெஞ்சு விரிந்தது. கவிஞன் என்று சொல்லி வைத்திருக்கிறாள் போலும். கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில்தான் கண்டேன்: அவர் பார்வை என் தோளுக்கு மேலால் போனது. பின்னால் அவள், மருந்துத் தட்டோடு.

நீட்டிய கை அந்தரத்தில். அவர் ஒரு கணமும் தாமதிக்காமல் அதைப் பற்றிக்கொண்டார். கவிஞர் வந்தால் அரசன் எழவேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அழகான பொய். நாடுகளுக்கிடையே சண்டை மூளாமல் பார்த்துக்கொண்ட பொய்களின் கடைசித் தங்கை. அவள் தட்டைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

காரில் கேட்டாள், "நல்ல மனுசன், என்ன?"

"ஓம்."

என்னைக் காப்பாற்றிய விதத்திலும் அவரே வென்றிருந்தார்.

வீட்டில் அவள் தேத்தண்ணியோடு வந்தாள். என் உடம்பு தானாகச் சோபாவை விட்டுக் கிளம்பியது. அரைவாசியில் நின்றுவிட்டேன். இது அவருடையது. இதையும் அவரிடமிருந்தா எடுப்பது?

"என்ன, நாரிப் பிடிப்போ?" என்று என் இடுப்பைப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன். ஆனால் உட்காரவில்லை. முழுதாக நிமிர்ந்து நின்றுதான் கோப்பையை வாங்கினேன்.