தேங்காய்ப் பால் என்றார்கள்

பெரியப்பா ஹோட்டலில் மெனு கார்டைத் தொடமாட்டார். சர்வர் கொண்டுவந்து நீட்டினால் வாங்கி அப்படியே மேஜையில் கவிழ்த்துவைப்பார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "இன்னா கீது, சொல்லு" என்பார். சர்வர் இருப்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். கடைசிவரை கேட்டுவிட்டு, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவைத்ததைச் சொல்வார். தனக்கு மட்டுமல்ல, உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் சேர்த்து. யாருக்கு என்ன பிடிக்கும் என்பது எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சின்ன வயதில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி மாடியில் ஏ.சி. ஹால் வைத்திருந்த சைவ ஹோட்டல் அது. அவர் கையைத் தூக்கினால் ஆட்கள் ஓடி வருவார்கள்.

நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். சிட்லபாக்கத்தில் பெரியப்பா வீட்டு மாடியில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். ஒரு காலத்தில் குடும்பத்துக்கு அங்கே நெல் விளைந்த நிலம் இருந்தது. அது மனைகளாகி விற்றுப்போன பிறகு, பெரியப்பா சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை வைத்திருந்தார். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கூடவே கிடந்தவர் அவர்தான். என் கல்லூரிச் சேர்க்கைக்கு வெயிலில் வரிசையில் நின்றவரும் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும். அப்படி எழுத முடியவில்லை.

வேதியியல் முடித்ததும் எனக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வருகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும் வேலை. ஒருமுறை மாதிரி எடுப்பதற்காகப் பண்ணை ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கன்றின் மூக்கில் முள் வளையம் மாட்டியிருந்தார்கள். பசியோடு அது தாயின் மடிக்குப் போகும். முள் குத்தியதும் தாயே காலை வீசி உதைத்துத் தள்ளும். கன்றுக்குத் தான் செய்த தப்பு என்னவென்று தெரியாது, திரும்பவும் போகும். நான் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க அது போய்க்கொண்டும் உதை வாங்கிக்கொண்டும் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து அம்மா கொடுத்த காபியைக் குடிக்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் சேர்ந்தேன். பால், தயிர், நெய், வெண்ணெய் எல்லாம் என் தட்டிலிருந்து போயின. முட்டையும் மீனும் கறியும் அவற்றோடு போயின. இதற்கு வீகன் என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் பெரிய சிரமம் இல்லை. அம்மா முணுமுணுத்துக்கொண்டே எனக்கு மட்டும் தேங்காய்ப் பால் பிழிந்து வைப்பாள். சிரமமெல்லாம் வெளியேதான். அதிலும் சைவ ஹோட்டல்தான் மோசம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். பொங்கலில் நெய், குருமாவில் தயிர், நான் ரொட்டியில் பால், சாதம் வந்தால் கேட்காமலேயே மேலே ஒரு கரண்டி நெய். "நெய் வேண்டாம்" என்றால் "கம்மியா போடச் சொல்றேன்மா" என்பார் சர்வர். "கொஞ்சம்கூட வேண்டாம்" என்றால், "டயட்டாம்மா?" என்று சிரிப்பார். தோசை நெய் மணக்க வந்து இறங்கும். திருப்பி அனுப்பினால் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். பெரியப்பாவுக்கு அந்தப் பார்வையைத் தாங்கமுடியாது. "சுத்த சைவ ஹோட்டல்ல வந்து குந்திகினு இன்னா பேஜாரு பண்ற நீ?" என்பார். ஒருமுறை சர்வரைப் பக்கத்தில் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படியாகவே, "வெறும் இட்லி குடுத்துடுப்பா. அது நோயாளி" என்றார். சர்வர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பெரியப்பா எனக்குக் கண்ணடித்தார். அது வேடிக்கை என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் இந்த வேடிக்கை தீவிரமாயிற்று. இப்போதெல்லாம் பெண் பார்க்க வீட்டுக்கு வருவதில்லை, முதலில் ஹோட்டலில் சந்தித்துக்கொள்கிறார்கள். பெரியப்பாவும் அந்த மாடி ஹாலையே ஏற்பாடு செய்வார். முதல் சந்திப்பில் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் மகனைப் பார்த்தபடி, "அப்போ நாளைக்கு உன் குழந்தைக்காவது பால் குடுப்பியா?" என்றார். மேஜை முழுவதும் சிரித்தது. பெரியப்பாதான் அதிகம் சிரித்தார். ஆனால் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தகவல் வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "இனிமே நீ வாயத் தொறக்காத கண்ணு. அலர்ஜின்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அடுத்து வந்தவர்களிடம் அப்படியே சொன்னார். பால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும், மூச்சு திணறும் என்று, நேரில் பார்த்தவர்போல நடித்தே காட்டினார். அவர்கள் மிகவும் வருத்தப்பட்டார்கள். இது பரம்பரையாக வருமா, பிள்ளைகளுக்கும் இருக்குமா என்று விசாரித்தார்கள். பிறகு போனை எடுக்கவில்லை. கொள்கை என்றால் திமிர், அலர்ஜி என்றால் வியாதி. இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார இடமே இருக்கவில்லை.

மூன்றாவது மாப்பிள்ளை கூடுவாஞ்சேரிக்காரர். ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அவர்களிடமும் பெரியப்பா முன்கூட்டியே போனில் அலர்ஜி என்று சொல்லிவைத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் கூட வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பெரியப்பா, அம்மா, நான். மாப்பிள்ளைக்கு மெல்லிய குரல். சர்வர் வந்ததும் பெரியப்பா வழக்கம்போல எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார். மாப்பிள்ளை குறுக்கிட்டு, "இவங்களுக்கு மட்டும் நான் சொல்லட்டுமா அங்கிள்?" என்று கேட்டார். எழுந்து சமையலறைப் பக்கம் போனார். திரும்பி வந்து என்னிடம், "எண்ணெய் தோசை சொல்லிருக்கேன். தனிக் கல்லுல ஊத்துவாங்க. ஸ்வீட்டும் உங்களுக்குத் தனியா, தேங்காய்ப் பால்ல பாயசம்" என்றார்.

எனக்காக ஒரு சமையலறை வாசல்வரை நடந்துபோன முதல் மனிதர் அவர். அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே, அவரோடு இப்படிப் பல ஊர்களில் பல ஹோட்டல்களில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப்பார்த்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே சர்வரிடம் விளக்கிச் சொல்வதைப்போல. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பாயசம் வந்தது. வெல்லம் போட்ட பருப்புப் பாயசம், சின்னக் கிண்ணத்தில். முதல் ஸ்பூனில் வெல்லமும் ஏலக்காயும்தான் தெரிந்தன. இரண்டாவது ஸ்பூனில் நாக்கு எதையோ சொன்னது. நெய்யை மறந்துவிடும் நாக்கு அல்ல என்னுடையது, பாலை அளந்து பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவள் நான். ஆனால் எதிரே அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அத்தனை அக்கறையோடு. நாக்கு சொன்னதை நான் நம்பவில்லை, அவர் சொன்னதை நம்பினேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். "நல்லாருக்கா?" என்றார். "ரொம்ப" என்றேன்.

மற்றவர்கள் காபி குடித்து முடிக்கும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கழுத்தைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அவர் தன் அம்மாவிடம் திரும்பி, "ஒண்ணும் ஆகலம்மா" என்றார். பெரியவர்கள் எல்லோரையும் பார்த்து, "அது சாதாரணப் பால்தான். நெய்யும் நெறைய போடச் சொன்னேன். அலர்ஜி எல்லாம் ஒண்ணும் இல்ல. ஷீ இஸ் பெர்ஃபெக்ட்லி ஆல்ரைட்" என்றார்.

அவருடைய அம்மா, "அப்பாடா, மாரியாத்தா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அப்பா சிரித்தார். தட்டெடுக்க வந்த சர்வரும் சிரித்தார், அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பெரியப்பா மேஜையைத் தட்டி, "நான் சொன்னேன்ல! காலைல போன்ல கேட்டாரு. டாக்டருக்கே டவுட்டுதான், குடுத்துப் பாருங்க தம்பின்னு நான்தான் சொன்னேன்" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் முன்பே தெரியாது. அதை நான் நம்புகிறேன். அவள் சிரித்தது நல்ல சேதி கேட்டவளின் சிரிப்பு. தன் மகளுக்கு வியாதி இல்லை என்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இனித் தடையில்லை.

கை கழுவும் இடத்துக்குப் போனேன். விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்த்தேன். வரவில்லை. வயிறு அதைச் சமாதானமாக வைத்துக்கொண்டுவிட்டது. பக்கத்துக் குழாயில் ஒரு பெண் குழந்தைக்கு வாய் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எத்தனையாவது மாசம்?" என்று அன்பாகக் கேட்டாள்.

திரும்பி வந்து உட்காரவில்லை. நின்றபடியே மாப்பிள்ளையிடம் கேட்டேன். "நிஜமாவே அலர்ஜியா இருந்திருந்தா?"

பெரியப்பா சொன்னது பொய் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது. இவரைப் பொறுத்தவரை நான் அங்கேயே மூச்சுத்திணறி விழுந்திருக்கலாம். அந்தக் கேள்வி அவருக்குப் புரிந்தது. கொஞ்சமும் பதறாமல், அதே மெல்லிய குரலில், "அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்ல" என்றார். "ஆஸ்பத்திரியும் பக்கத்துலதான்."

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பெரியப்பா கார் நிறுத்துமிடம்வரை பின்னாலேயே வந்தார். "அறிவு கீதாடி உனக்கு? ஒரு கப்பு பாயசத்துக்கு யாராச்சும் மாப்பிள்ளைய வேணாம்பாங்களா? அந்தப் பையன் உனக்கோசரம் கிச்சன் வரைக்கும் போனான்டி!" அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பில்லை. தம்பி மகளை ஒரு நல்ல இடத்தில் ஒப்படைக்கும் நேரத்தில் அவளே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று நிஜமாகவே துடித்தார். அம்மா காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டை மேம்பாலம் தாண்டியதும், யாரிடமோ சொல்வதுபோல, "பால் ஒண்ணும் விஷம் இல்லியே" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு யாரையும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதே சிட்லபாக்கத்தில் வேறு தெருவில் வாடகைக்குப் போனோம். பரிசோதனை நிலையத்தில் இன்று நான்தான் பொறுப்பாளர். தனியாக இருப்பது பழகிவிட்டது, பல நாள் பிடித்தும் இருக்கிறது. அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பேச்சு மட்டும் வந்ததே இல்லை. அவள் இன்றும் எனக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து தருகிறாள். நான் ஒவ்வொரு தடவையும் முதலில் முகர்ந்து பார்க்கிறேன். அவள் அதைப் பார்க்காததுபோல இருந்துவிடுகிறாள்.

பெரியப்பாவுக்கு மட்டும் அது நல்ல கதையாகிவிட்டது. கல்யாணங்களில், காதுகுத்தில், துக்க வீட்டில்கூடச் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. இப்போதெல்லாம் அதில் நான் பாயசம் இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.

போன மாதம் பெரியப்பாவின் பேரனுக்குப் பெண் பார்த்தார்கள். வேளச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல். அங்கே மெனு கார்டிலேயே என்னைப் போன்றவர்களுக்குத் தனிப் பக்கம் இருந்தது, விலையும் கொஞ்சம் கூடுதலாக. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டாரிடம், "எங்க வூட்டு பொண்ணு ரொம்ப வருஷமா வீகன் தெரியுமா? அப்பவே!" என்றார், ஏதோ நான் பட்டம் வாங்கியதைப்போல. அந்தக் கையோடு கதையையும் தொடங்கினார். எல்லோரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் எனக்கான இடங்களில் சிரித்தேன், அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதோ கைவந்துவிட்டது.

அந்தப் பெண் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். கதை முடிந்ததும் என் அண்ணி, பையனின் அம்மா, அவளிடம் இனிமையாகக் கேட்டாள். "உனக்கு எதுவும் சாப்பிடாத ஐட்டம் இருக்காம்மா?"

"இல்ல ஆன்ட்டி. எல்லாமே சாப்பிடுவேன்" என்றாள். கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. அவளுடைய அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

அவள் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மட்டன் வந்தது. அவள் துண்டை மெல்லவில்லை. மாத்திரை விழுங்குவதுபோல ஒவ்வொன்றையும் தண்ணீரோடு உள்ளே தள்ளினாள். கண்ணோரம் நனைந்திருந்தது. முகம் சிரித்தபடியே இருந்தது. நான் அவள் பக்கம் குனிந்து, "பிடிக்கலன்னா வெச்சிடும்மா. நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு அதிகம் அசையாமல், "வேணாங்க்கா, ப்ளீஸ்" என்றாள். "நீங்க எதுவும் சொல்லாதீங்க."

எதிரே பெரியப்பா அவள் தட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். அது காலியாவதைப் பார்த்து மனம் குளிர்ந்துபோய், கரண்டியை எடுத்து அவளுக்கு இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.