கடலுக்குப் போகாத நாளின் படம்

குணசுந்தரியின் கண்ணுக்கு மேகம் ஓர் அழுக்கு. திருவொற்றியூரில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே ஜெபசிங் நடத்தும் வரைபட அலுவலகத்தில் அவள் பல வருடங்களாகச் செய்வது அந்த அழுக்கை நீக்கும் வேலைதான். சாட்டிலைட்டிலிருந்து எடுத்த கடற்கரைப் படங்கள் வரும். ஒன்றில் மேகம் மறைக்கும், ஒன்றில் ஆலைப் புகை. ஒரே இடத்தின் பல நாள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். ஒவ்வொரு புள்ளியிலும் பெரும்பாலான நாட்களில் இருந்த நிறம் மட்டும் தங்கும், வந்துபோனதெல்லாம் மறைந்துவிடும். அந்தச் சுத்தமான படத்தின் மேல் தண்ணீர், கட்டடம், சாலை, ஊர்ப்பெயர் என்று லேயர்களை வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டினால், போனில் விரலால் தள்ளிப் பார்க்கும் மேப் தயார்.

படிப்பைப் பாதியில் விட்டவள். பக்கத்து மேசைகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். "குணா கைபட்ட கரையில ஒரு கறை இருக்காதுல்லா" என்று ஜெபசிங் வருகிறவர்களிடம் சொல்வார். அதில் அவளுக்கும் பெருமை இருந்தது.

எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் அவள் வீட்டுக்கு எதிரே, ஊரார் படகு நிறுத்தி வலை உலர்த்தும் மணலை ஒரு கன்டெய்னர் கம்பெனி கேட்டிருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தது. அதிலிருந்த மேப்பைத் தம்பி திலீப் போனில் கொண்டுவந்து காட்டினான்.

"யக்கா, நம்ப மணலு இது. ஒரு போட்டு கீதா சொல்லு. காலி நெலம்னு போட்டுக்கீறான். அப்போ நாங்க எங்க நின்னுகினு கீறோம்?"

அடியில் இருந்த படம் அவள் அடுக்கியது. பார்த்தவுடனே தெரிந்தது.

"போட்டு இன்னிக்கி ஒரு எடத்துல நிக்கிது, நாளிக்கி வேற எடத்துல. வலையும் அப்டித்தான். அடுக்கசொல்லோ அதெல்லாம் தங்காது, திலீப்."

"மெஷினு பண்ணுச்சா, நீ பண்ணியா?"

"நான்தான்."

"நல்லா பெருக்கிக்கீற. வூட்ட ஒருநாளும் இப்டி பெருக்குனதில்ல நீ."

மறுநாளிலிருந்து வேலைக்கு நடுவே அந்தக் கரையின் அடுக்காத பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். சிலவற்றில் கரையோரம் நாலைந்து படகு, ஒன்றிரண்டு வலை. ஒரே ஒரு படத்தில்தான் கரை நெடுக இடைவெளி இல்லாமல் படகுகள் நின்றன. மணலெங்கும் வலைகள் விரிந்து கிடந்தன. தேதியைப் பார்த்தாள். அவள் அப்பா தாமோதரன் இறந்த நாள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு எந்தப் படகும் கடலுக்குப் போகாது. அவருக்காக நின்ற படகுகள் அவை.

அந்தப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயராக வைத்து ஜெபசிங்கைக் கூப்பிட்டாள்.

"இது பக்கத்துச் சதுரத்தோட ஒட்டலியேம்மா. நிறமே வேற மாதிரி கிடக்கு."

"எங்க ஊரு சார் அது."

"தெரியும். உங்க ஊருன்னு ஆர்டர்ல ஒரு லேயரும் கேக்கலியே. வேணும்னா பிரின்ட் எடுத்துட்டுப் போ. நான் பாக்கல."

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரி மரியாதையான மனிதர். அவள் நீட்டிய படத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இது என்னைக்கு எடுத்ததும்மா?"

ஏதோ ஒரு சாதாரண நாள் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் சாவு நாளை வைத்துப் பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "எங்க அப்பா செத்த அன்னிக்கி சார். ஊர்ல சாவுன்னா யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. அதான் எல்லா போட்டும் கரையில கீது."

"மத்த நாள்ல?"

"போவும், வரும் சார்."

"அப்ப இது தொழில் நடக்காத நாளோட படம். இதைக் காட்டி, தொழில் நடக்கிற இடம்னு நான் எப்படிம்மா எழுதறது?"

முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் குனிந்து சிரித்தார்கள். படம் அவள் கைக்கே திரும்பி வந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் திலீப் நின்றிருந்தான். "அப்போ தெனம் ஒருத்தன் செத்திருந்தா நாம மேப்புல வந்திருப்போம், இன்னா?"

அவள் படத்தைச் சுருட்டினாள். அடுக்கும் கணக்குப்படி அவன் சொன்னது சரி.

கம்பெனிக்கு அனுமதி கிடைத்து, மணலைச் சுற்றிச் சுவர் எழும்பியது. திலீப் தன் படகைப் பக்கத்துக் குப்பத்துக் கரையில் நிறுத்துகிறான். அங்கே இடம் கேட்டு தினமும் சண்டை. அக்காள் வீட்டுப் பக்கம் அவன் வருவதில்லை.

அந்தக் கரையின் புதிய படங்கள் வந்தபோது ஜெபசிங் அவற்றை அவளிடமே கொடுத்தார். அடுக்கினாள். மேகம் போயிற்று, புகை போயிற்று. சுவர் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நின்றது. ஒரு புள்ளியைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

"எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாத்தியா" என்றார் ஜெபசிங்.

"ஆமா சார்" என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சதுரங்களை வெட்டி அனுப்பிவிட்டாள்.