கடைசித் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப் ஒன்று. தோல் ஊறிய தண்ணீரைச் சுத்தம் செய்ய எண்பதுகளில் அங்கே தொட்டிகள் கட்டினார்கள். முதல் தொட்டியில் சுண்ணாம்பும் மயிரும் நிற்கும். அடுத்ததில் சேறு படியும். கடைசித் தொட்டியில் தெளிந்த தண்ணீர் இருக்க வேண்டும் என்று சட்டம். ஒருநாளும் தெளியவில்லை. காப்பி நிறத்தில் நுரைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பாத்திகளில் விட்டுக் காயவைத்தார்கள். வெயிலுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை.

பாத்தியில் காய்ந்த உப்பை வாருவது என் வேலை. கால் வெடிப்பில் ஏறினால் எரியும். என் வீட்டுக்காரர் அதே ஷாப்பில் மோட்டார் பார்த்தார். பாத்தி வரப்பை ஒட்டி எங்கள் நிலம், அரை ஏக்கர். அதில் ஒரு கிணறு. அந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்காத கிணறு அது மட்டும்தான். ஒரு பசு, கொஞ்சம் கத்தரி, நாங்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருந்தோம்.

தண்ணீரைச் சோதிக்க வேலூரிலிருந்து ஆபீசர் வருகிறார் என்றால் ஷாப்பில் ஒரு வழக்கம். கடைசித் தொட்டியைக் காலி செய்து கழுவி நல்ல தண்ணீர் நிரப்புவார்கள். அதில் நாலு கெண்டை மீன் விடுவார்கள். முதல் முறை அதற்காக ஷாப் மேஸ்திரியே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உன் கெணத்துல ஓஸ் போட்டுக்கறோம்பா. ஒரே ஒரு தபா."

"எடுத்துக்கோங்க. வேலை குடுத்த எடம்," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அதில் பெருமை.

பாறை தெரியும்வரை வீட்டுக்காரரே மோட்டார் போட்டு இறைத்தார். ஆபீசர் வந்து மீனைப் பார்த்தார், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மீனை மேஸ்திரி வீட்டில் குழம்பு வைத்தார்கள்.

கிணறு மறுபடி ஊறியது. பாத்திப் பக்கத்திலிருந்து ஊறியது. பருப்பு வேகவில்லை. கத்தரி இலை ஓரம் கருகியது. பசு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த முறை ஆபீசர் வந்தபோது லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பியிருந்தார்கள். ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

"ஐயா, பாத்தித் தண்ணி எறங்கி எங்க கெணறு கெட்டுப்போச்சுங்க. வாயில வச்சுப் பாருங்க."

ஆபீசர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்புதான். ஆனா தொட்டித் தண்ணி நல்லா இருக்கே? மீன்கூட நீந்துது. உங்க கெணறே அப்படித்தாம்மா."

மேஸ்திரி சிரித்தார். "வேணும்னா நம்ம தொட்டில மோந்துக்கினு போம்மா. உன் கெணத்துக்கு ஷாப்பு தண்ணியே மேலு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அது லாரித் தண்ணிங்க. போன தபா ஊத்தனது எங்க கெணத்துத் தண்ணி."

"மோட்டார் போட்டது யாரு?" என்று ஆபீசர் கேட்டார்.

"எங்க வூட்டுக்காருதாங்க."

ஆபீசர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ கவர்மெண்ட்டை ஏமாத்தினது நீதானாய்யா?"

வீட்டுக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? இவனா பண்ணிகிறான்," என்றார் மேஸ்திரி.

ஆபீசர் அன்றும் தொட்டியில்தான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார். சாயங்காலம் வீட்டுக்காரரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. உப்பு வார ஆள் கிடைப்பது கஷ்டம்.

வீட்டில் அவர் என்னை அடித்தார். அதற்கு முன் அடித்ததில்லை. நான் அழவில்லை. பசு கொட்டிலில் தாகத்தில் கத்திக்கொண்டிருந்தது.

ஷாப்பில் வேலை செய்கிற பொம்பளைகளுக்கு ஆளுக்கு ஒரு குடம் லாரித் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.